ஃபேஸ் படத்தில் தெரியும் புள்ளியெல்லாம் காந்தம் அல்ல

மேக்னடைட் (காந்தத்தன்மை கொண்ட இரும்பு ஆக்சைடு) நானோதுகள்களைச் சிலிக்கான் துண்டில் உலர்த்திக் காந்த விசை நுண்ணோக்கியில் (எம்.எஃப்.எம்., அதிரும் காந்த முனையை மேற்பரப்பின் மேலே நகர்த்திப் படமெடுக்கும் கருவி) ஓட்டினால், துகள் இருக்கும் இடத்தில் ஃபேஸ் (முனையின் அதிர்வுக் கட்டம்) மாறத்தான் செய்யும். அதே உயரமுள்ள தங்கத் துகளை வைத்து ஓட்டினாலும் மாறும். தங்கத்தில் ஏது காந்தம்? இந்த ஒப்பீடு இல்லாமல் முடிவு எழுதுவதுதான் பெரிய தவறு.

கருவி ஒவ்வொரு வரியிலும் இருமுறை ஓடுகிறது. முதலில் மேடுபள்ளத்தைப் பதிவுசெய்கிறது. பிறகு அதே மேடுபள்ளத்தைப் பின்பற்றி, முனையை, எடுத்துக்காட்டாக, 30 நானோமீட்டர் தூக்கி ஓட்டுகிறது. துகளின் உயரம் 20 நானோமீட்டர் என்றால், அதன்மேல் வரும்போது முனை தளத்திலிருந்து (துகள் அமர்ந்திருக்கும் பரப்பிலிருந்து) 50 நானோமீட்டர் விலகிவிடும். தளம் முனையை இழுக்கும் நிலைமின் விசை அங்கே குறையும். அந்தக் குறைவு, காந்த ஈர்ப்புக்கு எதிர்ப்பக்கமாக ஃபேஸை நகர்த்தும். சிறிய துகளின் காந்தச் சைகை அதில் மூழ்கிப்போகும்.

அதனால் தளமாக மைக்காவைத் தவிருங்கள்: மின்காப்புப் பொருள், உரித்ததும் மின்னேற்றம் தங்கிவிடும். மின்கடத்தும் சிலிக்கானை எர்த் செய்து, முனைக்கும் தளத்துக்கும் உள்ள மின்னழுத்த வேறுபாட்டைக் கெல்வின் முறையில் அளந்து, அதை ஈடுகட்டும் மின்னழுத்தத்தை இரண்டாம் ஓட்டத்தில் கொடுங்கள். துகளின் மின்னழுத்தம் தளத்தினுடையதிலிருந்து வேறுபடுவதால் கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

முனையின் காந்தத்தைத் திருப்பிப் பார்ப்பது நல்ல பழக்கம். ஆனால் படம் மாறவில்லை என்பதற்காகத் துகளில் காந்தம் இல்லை என்று எழுதிவிடாதீர்கள். சுமார் 20 நானோமீட்டருக்குக் கீழே மேக்னடைட் அறை வெப்பநிலையில் சூப்பர்பாராகாந்தமாக (நிலையான காந்தத் திசை இல்லாமல், வெளிப்புலம் வந்தால் அதன் பக்கம் திரும்பும் நிலையில்) இருக்கும். அதன் காந்தத் திருப்புத்திறன் (துகளின் காந்த வலிமையும் திசையும்) முனையின் புலத்தோடே திரும்பும். முனையை எப்படித் திருப்பினாலும் ஈர்ப்புதான். நிலைமின் விசையும் அப்படியே நிற்கும். இரண்டையும் பிரிக்க, அதே துகளை அதே உயரத்தில் காந்தம் நீக்கிய முனையால் ஓட்டி, அந்தப் படத்தைக் கழிக்க வேண்டும்.

கணக்கிலும் சறுக்கல் உண்டு. புள்ளி இருமுனை மாதிரியில் (முனையையும் துகளையும் புள்ளியளவு சிறு காந்தங்களாகக் கொள்ளும் கணக்கில்) ஃபேஸ் மாற்றம் தூரத்தின் ஐந்தாம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் குறையும். அந்தத் தூரம் தூக்கிய உயரம் மட்டுமல்ல. துகளின் ஆரம், அலைவு வீச்சு, முனைக்குள் காந்த மையம் இருக்கும் ஆழம் எல்லாம் சேர்ந்தது.

விட்டத்துக்குப் படத்தின் அகலத்தை எடுக்காதீர்கள், முனையின் தடிமன் அதைப் பெருக்கிக் காட்டும். உயரத்தை எடுங்கள். அதிலும், துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க இடும் ஒலியிக் அமிலப் பூச்சு ஒளிந்திருக்கும்: 14 நானோமீட்டர் உயரத்தில் இருபுறமும் 2 நானோமீட்டர் பூச்சு போனால் உள்ளே மேக்னடைட் 10 மட்டுமே. கன அளவு கிட்டத்தட்ட 2.7 மடங்கு மிகையாகக் கணக்கிடப்பட்டுவிடும்.