அன்பைப் படக்கதையில் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் எங்கள் ஊர் நூலகத்தில், புதிதாக வந்த நான்கு தன்னார்வலர்கள் குழந்தைகளுக்குக் கதை வாசித்ததைப் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். ஆரம்பத்தில் நான் செய்த அதே தவறுகள், கிட்டத்தட்ட அதே வரிசையில். குரல் எழும்பாதது, புத்தகத்தைத் தன் பக்கமே திருப்பிப் பிடிப்பது எல்லாம் நான்கு நாளில் தானே சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

"இதிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்டோம்?"

கேட்காதீர்கள். "எல்லார்கிட்டயும் அன்பா இருக்கணும்" என்று ஒரே ராகத்தில் பதில் வரும். அதோடு கதை செத்துவிடும்.

படத்தைத் தாண்டி ஓடுவது

தமிழ்நாடு அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்திருக்கிறார்கள். நுழை நிலையில் எழுத்து மிகக் குறைவு, கதையைப் படம்தான் சொல்கிறது. நாமோ எழுத்தை வாசித்ததும் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். தொங்கிய தோள், ஓரத்தில் தனியாக நிற்கும் பிள்ளை என்று அடுத்தவர் மனசு தெரிவது படத்தில்தான். "இவ ஏன் கையைப் பின்னாடி வச்சிருக்கா?" என்று கேட்டுவிட்டு, மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள்.

கதையைக் கூட்டத்தில் இருக்கும் ஒரு குழந்தை மேல் வைப்பது

இது இன்றும் எனக்கு எரிச்சலூட்டுகிறது. அன்றும் எழுந்து போய் நிறுத்திவிடலாமா என்று தோன்றியது.

ஒரு கோடை விடுமுறையில் எங்கள் குழுவில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். ஒரு காலைச் சாய்த்து நடப்பாள். கல்லாங்காயில் அவளை யாரும் ஜெயித்ததில்லை. ஐந்து கல்லையும் வீசிப் புறங்கையில் ஏந்துவாள். அன்று நான் எடுத்தது, நடக்க முடியாத பையனை நண்பர்கள் தோளில் தூக்கிக்கொண்டு தேர் பார்க்கப் போகிற கதை. வாசித்து முடித்ததும், நல்லது செய்வதாக நினைத்து அவளைக் கைகாட்டி, "நம்ம பாப்பாவுக்கும் இப்படித்தான் உதவணும், சரியா?" என்றேன். இருபது தலைகள் திரும்பி அவள் காலைப் பார்த்தன.

மறுநாளிலிருந்து அவள் பையை வேறு யாராவது தூக்கினார்கள். குழாயடியில் அவளை முன்னால் விட்டார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். ஒரு வாரத்தில் அவள் விளையாடுவதையே நிறுத்திவிட்டாள். ஏன் என்று கேட்டேன். "வேணும்னே கல்லைக் கீழ விடுறாங்க அக்கா" என்றாள்.

அவள் ஜெயிக்கட்டும் என்று எல்லோரும் தோற்றுக்கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைகள் மேல் தவறே இல்லை, நான் சொன்னதைத்தான் செய்தார்கள். கூட விளையாடுகிறவளாக இருந்தவளைப் பாவப்பட வேண்டியவளாக மாற்றியது என் விரல். அடுத்த கோடைக்கு அவள் வரவில்லை.

இதையே திருப்பியும் செய்கிறார்கள். "நேத்து நீ அடிச்சியே, இந்தக் கரடி மாதிரி" என்று நூலகத்தில் அன்று வாசித்த ஒருவர் ஒரு பையனைப் பார்த்துச் சொன்னார். அதற்குப் பிறகு அவன் படத்தை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. புத்தகம் அவனுக்குப் பிரம்பாகிவிட்டது.

கதைக்குள் இருப்பவர்களைப் பற்றி மட்டும் பேசுங்கள். அந்தத் தேர்க் கதையைப் பல வருடம் கழித்து மறுபடி எடுத்தபோது, "தூக்கிட்டுப் போறப்ப அவனுக்கு எப்படி இருந்திருக்கும்?" என்று கேட்டேன். ஜாலியா இருக்கும் என்றான் ஒருவன். கூச்சமா இருக்கும் என்றாள் இன்னொருத்தி. அப்புறம் ஒரு பொடியன், "தூக்கட்டுமான்னு அவன்கிட்ட கேட்டாங்களா?" என்றான். பக்கங்களைப் பின்னால் புரட்டிப் பார்த்தோம். கேட்கவில்லை. அரை மணி நேரம் அதையே பேசினோம்.

வள்ளல் கதைகளை மட்டும் எடுப்பது

முல்லைக்குத் தேர் கொடுத்த பாரி, மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன். எனக்கும் பிடித்த கதைகள்தான். ஆனால் ஆறு வயதுப் பிள்ளையிடம் கொடுக்கத் தேர் இல்லை. அன்பு என்பது ராஜாக்கள் வேலை என்று கேட்டுவிட்டுப் போய்விடும். அந்தப் பேகனிடமே பரணர் போய், பசித்து வரவில்லை, சுற்றத்தின் பாரமும் இல்லை, நீ பிரிந்து வந்த மனைவியின் துயரத்தைப் போய்த் தீர், அதுவே நாங்கள் கேட்கும் பரிசில் என்று பாடுகிறார் (புறநானூறு 145). மயிலின் குளிர் தெரிந்தவனுக்கு வீட்டில் வாடுகிறவள் தெரியவில்லை. பிள்ளைகளுக்கும் வீட்டுப் பக்கத்துக் கதைகள்தான் வேண்டும்: தம்பி பொம்மையை உடைத்த நாள், பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டது.

விலங்குக் கதையே போதும் என்று இருந்துவிடுவது

போதாது. நாய்க்குட்டிக்குப் பால் ஊற்றுகிற பிள்ளை, வேறு தெருப் பிள்ளையைத் தண்ணீர்ப் பானையைத் தொடவிடாமல் தடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

"மறுபடியும் அதே புத்தகமா?"

ஏழாவது தடவை கேட்டால் ஏழாவது தடவையும் வாசியுங்கள்.