வடசென்னைல இருந்து கார் ரேஸ் சாம்பியன் ஆகணுமா? மொதல்ல ஷெட்டு, அப்புறம் சீட்டு

வியாசர்பாடி, கொடுங்கையூர், தண்டையார்பேட்டைனு சுத்துப்பட்டு ஏரியால இருந்து மாசத்துக்கு ரெண்டு மூணு பசங்களாவது என் ஷெட்டு வாசல்ல வந்து நின்னு "அண்ணே கார் ரேஸ் ஓட்டணும், எங்க போய் ஆரம்பிக்கிறது"னு கேக்குறாங்க. ஒவ்வொருத்தன் கிட்டயும் டீ வாங்கிக் குடுத்து அதையே சொல்லிட்டு இருக்கேன், சரி ஒரே தடவையா உக்காந்து எழுதிடலாம்னு தோணுச்சு. நான் ரேஸ் ஓட்டுறவன் இல்ல, மெக்கானிக். வாரம் பூரா நம்ம கடை வேலை, ரேஸ் வீக்கெண்ட் வந்தா சலூன் கார் டீமுங்களுக்குப் போய் ஸ்பானர் புடிக்கிறேன், பதினாலு வருஷமா.

வர்ற பசங்க எல்லாருக்கும் மனசுல ஃபார்முலா ஒன்னுதான் இருக்கு. தப்பில்ல தம்பி, நரேன் கார்த்திகேயன் 2005ல போனாரு, நம்ம சென்னை கருண் சந்தோக் 2010ல போனாரு, ரெண்டு பேருமே பெரிய ஆளுங்க, ஆனா அவங்க வீட்ல அவங்க பொறக்குறதுக்கு முன்னாடியே ரேஸ் இருந்துச்சு, நம்ம வீட்ல இல்ல. அதனால நான் பசங்களுக்கு வேற ஒரு ஆளைத்தான் காட்டுவேன். ரிச்சி எவன்ஸ். அமெரிக்கால நியூயார்க் மாநிலத்துல ரோம்னு ஒரு சின்ன ஊரு, அந்த ஊர்க்காரரு. 1941ல பொறந்தவரு, வீட்ல விவசாயம், 16 வயசுல அதை விட்டுட்டு ஒரு கேரேஜ்ல வேலைக்குச் சேர்ந்தாரு. நம்ம பசங்க மாதிரியே ரோட்ல ரேஸ் உட்டுட்டு இருந்தவரு, ஒழுங்கா ஒரு கார் கட்டி டிராக்ல ஓட்டுன்னு ஒருத்தர் சொன்ன பேச்சைக் கேட்டு 1962ல பக்கத்து டிராக்ல கீழ்மட்ட கிளாஸ்ல ஆரம்பிச்சாரு. மாடிஃபைடுனு சொல்ற மேல் கிளாஸ்ல மொத ஜெயிப்பு வர 1965 ஆச்சு. நாஸ்கார்னா அமெரிக்கால கார் ரேஸ் நடத்துற பெரிய அமைப்பு, அவங்க குடுக்குற மாடிஃபைடு சாம்பியன் பட்டம் மொதல்ல 1973ல, அதுக்கப்புறம் 1978ல இருந்து 1985 வரைக்கும் வருஷா வருஷம் விடாம எட்டு தடவ, மொத்தம் ஒம்போது.

டிவில வர்ற பெரிய கப் ரேஸ்ல அவரு பேரு எடுக்கல, எடுக்கணும்னு அலையவும் இல்ல. தன் சுத்துவட்டார டிராக்குங்கள்லயே ஆரஞ்சு கலர் 61ஆம் நம்பர் வண்டியை தன் ஷெட்லயே கட்டி ஓட்டிட்டு இருந்தாரு, 2012ல நாஸ்கார் ஹால் ஆஃப் ஃபேம்ல சேத்தாங்க. இன்னொரு விஷயம் கேளு, அவருக்கு எதிரா ஓட்டுன ஜெர்ரி குக்குனு ஒருத்தர், ஆறு தடவ சாம்பியன், அவரும் அதே ரோம் ஊர்க்காரரு. 1971ல இருந்து 1985 வரைக்கும் பதினஞ்சு வருஷம் அந்தப் பட்டம் அந்த ஒரே ஊரைத் தாண்டி வெளிய போகவே இல்ல! வியாசர்பாடில ஒரு தெருவுல ஒருத்தன் நல்லா ஃபுட்பால் ஆடுனா அடுத்த தெருவுல அவனைத் தோக்கடிக்கன்னே ஒருத்தன் கிளம்புவான்ல, அதே கதைதான். எனக்கு அதைப் படிச்சதும் புல்லரிச்சுப் போச்சு.

சரி, இப்ப நம்ம ஊருக்கு வருவோம். அங்க ஸ்டாக் கார்னா முட்டை வடிவ டிராக்ல இடது பக்கமே திரும்பித் திரும்பி ஓட்டுறது, நம்ம கிட்ட அந்த டிராக் கிடையாது. நமக்கு அதுக்குப் பக்கத்துல வர்றது சலூன் கார், டூரிங் கார் கிளாஸ், அதாவது ஷோரூம்ல விக்கிற காரையே உள்ள எல்லாத்தையும் கழட்டிட்டு ரோல் கேஜ், அதாவது வண்டி உருண்டாலும் டிரைவரைக் காக்குற இரும்புக் கூண்டு, வெல்டு பண்ணி ஓட்டுறது. எஸ்டீம், ஹோண்டா சிட்டி, ஸ்விஃப்ட், போலோ எல்லாம் ஓடியிருக்கு. நீயும் மெக்கானிக் கடைப் பையன்னா தினமும் இந்த வண்டிங்களைத்தான தம்பி கழட்டுற? மத்தவன் மேனுவலைப் பாத்து கத்துக்கிறது உனக்குக் கண்ணை மூடுனா கை தானா போகும். இந்த கிளாஸ்ல நமக்கு இருக்கிற ஒரே சொத்து அதுதான், அதை லேசா நினைக்காத.

ரேஸ்னா நமக்கு சம்பந்தமே இல்லாத விளையாட்டுன்னு யாராவது சொன்னா நம்பாத. செங்குன்றம் தாண்டி சோழவரத்துல ரெண்டாம் உலகப்போர் சமயத்துல போட்ட ஏர் ஸ்ட்ரிப், அதுலதான் ஒரு காலத்துல மெட்ராஸ் ரேஸ் எல்லாம் நடந்துச்சு, 1953ல ஆரம்பிச்ச மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்தான் நடத்துனாங்க. எங்கப்பா மூலக்கடைல இருந்து சைக்கிள் மிதிச்சு, கட்டுசோறு எடுத்துட்டுப் போய் வெயில்ல நின்னு பாத்ததை சாகுற வரைக்கும் சொல்லிட்டு இருந்தாரு. திருவொற்றியூர்ல 1946ல பலூன் செஞ்சு ஆரம்பிச்ச கம்பெனிதான் எம்ஆர்எஃப், இன்னிக்கு அந்தப் பேரு ரேஸ் டயர்ல இருக்கு. 2024ல தீவுத்திடலைச் சுத்தி நைட்ல லைட் போட்டு ஃபார்முலா 4 ஓட்டுனாங்களே, நம்ம பாரிஸ் கார்னர்ல இருந்து நடந்து போற தூரம்.

இப்ப டிராக் இருக்கிறது இருங்காட்டுக்கோட்டைல, ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னாடி, 1990ல இருந்து அங்கதான். 3.7 கிலோமீட்டர் சுத்து. நம்ம ஏரியால இருந்து மாதவரம், கோயம்பேடு, பூந்தமல்லினு போனா வெள்ளிக்கிழமை காலைல ரெண்டு மணி நேரம் ஓடிடும், அதனால அஞ்சு மணிக்கே கிளம்பு. அங்க மொதல்ல எந்த வேஷத்துல போகணும்னா, மார்ஷலா. டிரைவர் வேஷத்துல இல்ல, மார்ஷலா. டிராக் ஓரத்துல கொடி புடிச்சு நிப்பாங்கல்ல, அவங்கதான். வாலண்டியர் வேலை, கிளப்ல பேரைக் குடுத்து சேத்துக்கச் சொல்லிக் கேக்கணும், சொல்லிக் குடுப்பாங்க. டிக்கெட் வாங்கி கேலரில உக்காந்து பாத்தா வண்டி போறதுதான் தெரியும், மார்ஷலா ஒரு வளைவுல காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் நின்னீன்னா யாரு எங்க பிரேக் அடிக்கிறான், யாரு சீக்கிரமே ஆக்சிலரேட்டர் மிதிச்சு வெளிய போறான், ஒரே வளைவுல பத்து பேரு பத்து விதமா எப்படிப் போறாங்கன்னு கண்ணுல ஒட்டிக்கும். மஞ்சக் கொடினா ஆபத்து, ஓவர்டேக் கிடையாது, நீலம்னா பின்னாடி வேகமான வண்டி வருது, சிவப்புன்னா ரேஸ் நிறுத்தம், இதெல்லாம் புக்குல படிச்சா மறந்துடும், கையில புடிச்சு ஆட்டுனா மறக்காது. ஒரு சீசன் இதைப் பண்ணு. பட்டறைல இருக்கிற டீம் ஆளுங்க எல்லாருக்கும் உன் மூஞ்சி பழகிடும், அதுதான் அடுத்த கதவு.

அடுத்த கதவுன்னா டீம்ல ஹெல்பர் வேலை. டயர் தூக்கு, தரையைத் தொடை, டார்க் ரெஞ்சுல, அதாவது எவ்ளோ இறுக்குறோம்னு அளவு வச்சு இறுக்குற ஸ்பானர்ல, வீல் நட்டு டைட் வை, வச்சதும் நட்டுல இருந்து வீல் வரைக்கும் பெயிண்ட் மார்க்கர்ல ஒரு கோடு போடு, கோடு ஒடஞ்சு தெரிஞ்சா நட்டு திரும்பியிருக்குன்னு அர்த்தம். டயர் உள்ள வந்ததும் மூணு இடத்துல சூடு அளக்கச் சொல்லுவாங்க, உள் ஓரம், நடு, வெளி ஓரம். நடுல மட்டும் சூடு ஜாஸ்தின்னா காத்து அதிகம், ரெண்டு ஓரமும் ஜாஸ்தின்னா காத்து கம்மி, உள் ஓரம் ரொம்ப ஜாஸ்தின்னா கேம்பர், அதாவது வீலோட சாய்வு, அதிகமா வச்சுட்டோம். இந்த மூணு நம்பரைப் படிக்கத் தெரிஞ்சவன் பேச்சை டிரைவர் கேப்பான்.

இங்க நான் பண்ண ஒரு தப்பை சொல்லியே ஆகணும், ஏன்னா இதைத்தான் பசங்க எல்லாரும் பண்ணுவாங்க. மூணாவது வருஷம், மழைக்காலம் முடிஞ்சு வந்த ரேஸு. பிரேக் ஆயில் மாத்தச் சொன்னாங்க, ரேக்ல பாதி பாட்டில் டாட் 4, அது பிரேக் ஆயில்ல ஒரு ரகம், இருந்துச்சு, மூடி இறுக்கமாத்தான் இருந்துச்சு, பாக்கவும் தெளிவாத்தான் இருந்துச்சு, எதுக்கு வேஸ்ட் பண்ணணும்னு அதையே ஊத்தி, பைப்புல இருக்கிற காத்தை வெளியேத்தி பிளீடு பண்ணிட்டேன். பெடல் கல்லு மாதிரி இருந்துச்சு. பிராக்டிஸ்ல அஞ்சாவது சுத்து, ஸ்ட்ரெயிட் முடிஞ்சு வளைவு வர்ற இடத்துல பெடல் நேரா தரைக்குப் போயிடுச்சு, வண்டி டிராக்கை விட்டு இறங்கி புல்லுல சுத்தி நின்னுச்சு. டிரைவருக்கு ஒண்ணும் ஆகல. ஹெல்மெட்டைக் கழட்டி வச்சுட்டு என்னைப் பாத்து "பெடல் இல்ல"ன்னு ரெண்டே வார்த்தைதான் சொன்னாரு, திட்டல, எனக்கு அன்னிக்கு சோறு இறங்கல. விஷயம் என்னன்னா பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும், அதுவும் கடல் காத்து அடிக்கிற நம்ம ஏரியால கேக்கவே வேணாம். புது டாட் 4 குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காமத் தாங்கணும், ஈரம் ஏறிட்டா அந்தக் கணக்கு 155க்கு இறங்கிடும். ரோட்ல ஓட்டுறப்போ தெரியவே தெரியாது, ரேஸ்ல டிஸ்க்கு சிவந்துடும், ஆயில் கொதிச்சு ஆவி ஆயிடும், ஆவியை எவ்ளோ அமுக்குனாலும் பிரேக் புடிக்காது. அன்னைல இருந்து சீல் உடைக்காத பாட்டில்தான், மிச்சம் இருந்தா ரேஸ் வண்டிக்குத் திரும்ப ஊத்துறது இல்ல.

சீட்டு, அதாவது ரேஸ் கார்ல டிரைவர் இடம், எப்பண்ணே வரும்னு கேப்ப. ஷெட்டுல இருக்கிறப்பவே கார்ட்னு சொல்ற குட்டி ரேஸ் வண்டி ஓட்ட ஆரம்பி, இருங்காட்டுக்கோட்டைலயே கார்ட் டிராக் இருக்கு, காசு சேத்து மாசம் ஒரு தடவ போனாக்கூட போதும், ஆனா ஒவ்வொரு தடவயும் ஒரே ஒரு விஷயம் மட்டும் பழகு, இன்னிக்கு பிரேக்கு, அடுத்த மாசம் லைன், அதாவது வளைவுல வண்டி போக வேண்டிய பாதை. அப்புறம் எஃப்எம்எஸ்சிஐ லைசென்ஸ், இந்தியால மோட்டார் ஸ்போர்ட்டுக்கு அவங்கதான் தலைமை, அவங்க ஒத்துக்கிட்ட ரேஸ் ஸ்கூல்ல ட்ரெயினிங் முடிச்சு, டாக்டர் சர்டிபிகேட் வாங்கி அப்ளை பண்ணணும். ரோட்டு லைசென்ஸ் இருந்தா போதும்னு எவனாவது சொன்னா அவன் கூட போகாத. ஃபயர் புடிக்காத ஓவரால், உலக மோட்டார் ஸ்போர்ட் அமைப்பான எஃப்ஐஏ ஸ்டிக்கர் இருக்கிற ஹெல்மெட், கழுத்தைக் காக்குற ஹான்ஸ் கருவி, இதுல மட்டும் செகண்ட் ஹாண்ட் ஆசை வேணாம். காரு பழசா இருக்கலாம், ஹெல்மெட் பழசா இருக்கக் கூடாது.

கார் வாங்காத, மொத சீசன்ல கண்டிப்பா வாங்காத. டீமுக்குக் காசு கட்டி ஒரு ரவுண்டுக்கு சீட்டு எடுக்கலாம், இல்ல நீ வேலை பாக்குற டீம்லயே உன் உழைப்பைக் கொஞ்சம் கழிச்சுட்டு சீட்டு தரச் சொல்லிக் கேக்கலாம். நான் பாத்து ரெண்டு பசங்க அப்படித்தான் ஏறுனாங்க. பொண்ணுங்களும் கேக்குறாங்க, தாராளமா வாம்மா, அலிஷா அப்துல்லா சென்னைப் பொண்ணுதான், பைக்லயும் ஓட்டுனாங்க கார்லயும் ஓட்டுனாங்க.

சீட்டு கெடச்சதும் பசங்க பண்ற பெரிய தப்பு, மொத சுத்துலயே ஜெயிக்கப் பாக்குறது. சாம்பியன்ஷிப் கணக்கு வேற. ஃபார்முலா ஒன்ல மொத மூணு இடத்துக்குத் தர்ற 25, 18, 15 பாயிண்டு கணக்கையே எடுத்துக்குவோம், உன் சீரீஸுக்கு என்ன கணக்குன்னு ரூல் புக்கைப் பாத்துக்க. ஆறு ரேஸ்ல ஒருத்தன் மூணு ஜெயிக்கிறான், மூணுல இடிச்சு நிறுத்திடுறான், மொத்தம் 75. இன்னொருத்தன் ஒண்ணுகூட ஜெயிக்கல, மூணு செகண்டு மூணு தேர்டு, 99 பாயிண்டு. பட்டம் யாருக்கு? ரிச்சி எவன்ஸ் ஒம்போது பட்டம் அடிச்சதுக்கு வேகம் ஒரு காரணம்தான், இன்னொரு காரணம் அவரு வண்டி ஷெட்டுல இருந்தே ஒழுங்கா கிளம்பும்.

ஆனா அவரு கதை எப்படி முடிஞ்சதுன்னும் நான் பசங்க கிட்ட மறைக்கிறதில்ல. 1985ல ஒம்போதாவது பட்டத்தை உறுதி பண்ணிட்டு, மார்ட்டின்ஸ்வில் டிராக்ல பிராக்டிஸ்ல செவுத்துல மோதி இறந்துட்டாரு, 44 வயசு. டாக்டர், ஆம்புலன்ஸ், மார்ஷல் எல்லாம் இருக்கிற டிராக்லயே உயிர் போகும்னா, நைட்டு மணலி ரோட்லயும் எண்ணூர் ரோட்லயும் கண்டெய்னர் லாரிக்கு நடுவுல ரேஸ் உடுறது என்னன்னு யோசி. நீ போனா உங்கம்மா நிலைமை என்ன, ரோட்டைக் கடக்குற அந்தப் பெரியவர் என்ன பாவம் பண்ணாரு? ரோட்ல ரேஸ் உடுறவனை நான் ஷெட்டுக்குள்ள சேக்குறதே இல்ல, இதுல மட்டும் யாரு சிபாரிசும் செல்லாது.

கடைசியா ஒரு வேலை. நூறு பக்க கோடு போட்ட நோட்டு ஒண்ணு வாங்கு. ஒவ்வொரு ரேஸுக்கும் தேதி, வெயிலா மழையா, டயர் காத்து ஓட்டுறதுக்கு முன்னாடி எவ்ளோ வந்தப்புறம் எவ்ளோ, எந்த வளைவுல நேரம் போச்சு, எதை மாத்துன. ஞாயித்துக்கிழமை நைட்டு வண்டியை டெம்போல ஏத்தி ஷெட்டுக்குக் கொண்டாந்ததும் உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கும், எல்லாரும் பிரியாணிக்குப் போவாங்க, நீ நாலு வீலையும் கழட்டி பிரேக் பேடை அளந்து, எத்தனை மில்லி மிச்சம்னு எழுதிட்டு அப்புறம் போ.