ஃபோல்டிங் சைக்கிளோட டியூட்டிக்குப் போற ஃபிளைட் க்ரூவுக்கு, செக்யூரிட்டில மாட்டாம போக சில விஷயம்

லேஓவர்ல, அதாவது ரெண்டு ஃபிளைட்டுக்கு நடுவுல வெளியூர்ல தங்குறப்ப, ஹோட்டல் ரூம்லயே படுத்துக் கிடக்காம ஊரைச் சுத்திப் பாக்கணும்னு சைக்கிள் வாங்குற க்ரூ இப்ப நம்ம சென்னையிலயே சில பேர் இருக்காங்க, வாங்கினதும் எல்லாரும் கேக்குற முதல் கேள்வி "செக்யூரிட்டில விடுவாங்களா?"தான். நான் போன வரைக்கும் சைக்கிளை யாரும் நிறுத்தினதில்ல. சைக்கிளோட ஒட்டிக்கிட்டு வர்ற சின்னச் சின்ன சாமான்தான் நம்மள நிறுத்தும், அதைப் பத்திதான் இங்க அதிகமா சொல்லப் போறேன்.

அதுக்கு முன்னாடி அளவு. ஹேண்ட் பேக் பாக்குற எக்ஸ்ரே மெஷினோட வாய் பெரும்பாலும் 60 செ.மீ அகலம், 40 செ.மீ உயரம்தான். 16 இன்ச் வீல் வெச்ச பிராம்ப்டன்ங்கற ஃபோல்டிங் சைக்கிள மடிச்சா 58.5க்கு 56.5, தடிமன் 27 செ.மீ. நிக்க வெச்சா போகாது, படுக்க வெச்சா இடிக்காம போயிடும், ஆனா மேல மொத்தமான பேடிங் பை போட்டிருந்தா சிக்கிக்கும், அதனால மெல்லிசான துணிப்பை போதும். 20 இன்ச் வீல் வண்டி பெரும்பாலும் அந்த வாய்க்குள்ள போகாது, அதை நேரா பெரிய சாமான் வாங்குற அவுட் ஆஃப் கேஜ் கவுன்டருக்கு எடுத்துட்டுப் போயிடுங்க, அங்க பெரிய மெஷின் இருக்கு.

எக்ஸ்ரேல போயிடுச்சுங்கறதுக்காக கேபின்ல ஏத்தலாம்னு நினைக்காதீங்க. பிராம்ப்டனே 11, 12 கிலோ வரும், பாசஞ்சருக்கு நாம சொல்ற லிமிட் 7 கிலோ. ஏடிஆர் மாதிரி சின்ன ஃபிளைட்ல, தலைக்கு மேல சாமான் வைக்கிற பின்ல அது நுழையவே நுழையாது. சாப்பாடு எடுத்து வைக்கிற கேலில (galley) சாய்ச்சு வெக்கிறது, கடைசி ரோ காலியா இருக்குன்னு அங்க போடறது, இதெல்லாம் பாசஞ்சர் செஞ்சா நாமதான் எடுக்கச் சொல்லுவோம். ஆபரேட்டிங் க்ரூவா, அதாவது அந்த ஃபிளைட்ல வேலை பாத்துட்டே போறப்ப, க்ரூ டேக் போட்டு ஃபிளைட் அடியில இருக்குற கார்கோல அனுப்பறதுதான் சரி, முந்தின நாளே ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லி வெச்சிடுங்க, பிரீஃபிங்ல கேப்டன் காதுலயும் போட்டுடுங்க.

இப்ப அந்தச் சின்ன சாமான் விஷயம். பிராம்ப்டன்ல முன்பக்க ஃப்ரேம் குழாய்க்குள்ளயே ஒளிஞ்சு உக்கார்ற மாதிரி ஒரு டூல் கிட் விக்கிறாங்க, ரொம்ப அழகான யோசனை, வெளிய ஒண்ணுமே தெரியாது. எக்ஸ்ரேல நல்லாவே தெரியும். முதல் தடவை கொச்சி லேஓவருக்குப் போறப்ப வண்டிய ஹேண்ட் பேக் பக்கம் கொண்டு போயிட்டேன், குழாய்க்குள்ள ஸ்பேனரும் அலன் கீயும் இருக்கறத சுத்தமா மறந்துட்டேன், இரும்புக் குழாய்க்குள்ள இரும்புச் சாமான் ஒளிச்சு வெச்சிருந்தா பாக்குறவங்களுக்கு எப்படித் தோணும் சொல்லுங்க. மொத்தத்தையும் வெளிய எடுத்து, விளக்கம் சொல்லி, டூலை அங்கயே விட்டுட்டு ஓடினேன், க்ரூ மொத்தமும் எனக்காக நின்னுட்டிருந்தாங்க, இப்பவும் அதை நினைச்சா கஷ்டமா இருக்கு. அதனால ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், மல்டி டூல், இரும்புச் சங்கிலிப் பூட்டு, பம்ப் எல்லாம் கார்கோக்குப் போற பைலதான். வீட்டை விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடி சீட் பை, ஹேண்டில் பை, ஃப்ரேம் குழாய் மூணுத்துலயும் கை விட்டுப் பாத்துடுங்க.

சில சாமான் கார்கோலயும் போகக் கூடாது, ஆபத்தான சாமான் பத்தின டிஜிஆர் கிளாஸ்ல படிச்சதுதான், ஆனா சைக்கிள்னு வந்தா மறந்து போயிடுது. பஞ்சர் ஒட்டற ரப்பர் சொல்யூஷன் தீப்பிடிக்கிற திரவம். டபிள்யூடி 40 ஸ்ப்ரேயும் அப்படித்தான். ரெண்டையும் வீட்டுலயே வெச்சிட்டு, பசை இல்லாம ஒட்டற பேட்ச் நாலு எடுத்துக்கங்க. லைட்டைக் கழட்டி ஆஃப் பண்ணி ஹேண்ட் பேக்ல போடுங்க, பவர் பேங்கும் ஹேண்ட் பேக்லதான். எலெக்ட்ரிக் ஃபோல்டிங் வாங்கலாமான்னு யோசிக்கிறவங்க வேண்டாம், லித்தியம் பேட்டரி 160 வாட் ஹவரைத் தாண்டினா நம்ம பேக்கேஜா எந்த வழியிலயும் ஏத்த முடியாது, பிராம்ப்டன் எலெக்ட்ரிக் பேட்டரியே 300க்கு வந்துடும்.

செக்யூரிட்டில பெல்ட்ல வைக்கறதுக்கு முன்னாடியே வாயைத் திறந்து சொல்லிடுங்க. ஸ்கிரீன் பாக்குறவருக்கு அது சைக்கிள்னு படத்தைப் பாத்துக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியம் இருக்கக் கூடாது. ஏர்போர்ட் செக்யூரிட்டி பாக்குற சிஐஎஸ்எஃப்ல நிறையப் பேர் வடக்கு, ஹிந்தில "ஃபோல்டிங் சைக்கிள் ஹை சார்"னு சொன்னா போதும். பையைத் திறக்கச் சொன்னா முகம் சுளிக்காம திறந்து காட்டுங்க, வெடிமருந்து ஒட்டியிருக்கான்னு ஒரு துணியால ஹேண்டிலைத் துடைச்சு மெஷின்ல வெச்சுப் பாப்பாங்க, அதனால வண்டிய முந்தின நாளே துடைச்சு வைங்க, மழைக்காலத்துல ஜிஎஸ்டி ரோடு சேறோட கொண்டு போகாதீங்க. யூனிஃபார்ம் போட்டிருக்கோம்னு அவசரப்படுத்தவும் வேண்டாம், ரிப்போர்ட்டிங்குக்கு அரை மணி நேரம் முன்னாடி வந்துட்டா அவசரமே இருக்காது.

வெளிநாட்டு லேஓவர்னா போகும்போதே கஸ்டம்ஸ்ல வண்டியோட சீரியல் நம்பரக் காட்டி எக்ஸ்போர்ட் சர்டிபிகேட் வாங்கிடுங்க, இல்லன்னா திரும்பி வர்றப்ப அங்க வாங்கினதோன்னு கேள்வி வரும்.

பேக்கிங்குக்கு ஏசி மெக்கானிக் காப்பர் பைப் மேல போடுவாங்களே கருப்பு ஃபோம் குழாய், அதை வெட்டி ஃப்ரேம்ல மாட்டிடுங்க, சல்லிசு. டயர் காத்தைக் கொஞ்சம் இறக்குங்க. கார்கோவும் பிரஷர் இருக்கற இடம்தான், வெடிக்காது, ஆனா கவுன்டர்ல கேப்பாங்க. மடிக்கிற இடத்துல இருக்குற கிளாம்ப் ரெண்டையும் கையால இறுக்கி டேப் சுத்திடுங்க, ஆட்டத்துல கழண்டு தொலைஞ்சா அந்த ஊர்ல கிடைக்காது.

இறங்கினதும் ஏறி மிதிச்சிடாதீங்க. பெல்ட்ல தூக்கிப் போட்டதுல பிரேக் கம்பி எங்கயாவது மடங்கியிருக்கும், கிளாம்ப் சரியா உக்காரலன்னா ஹேண்டில் ஓட்டறப்பவே மடங்கிடும். ஓரமா நிறுத்தி, காத்தடிச்சு, ரெண்டு பிரேக்கையும் அமுக்கித் தள்ளிப் பாத்துட்டு ஏறுங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு இறங்கினாலும் சரி.