மாதவரம் தாவரவியல் பூங்கா: விடுமுறையில் ஊருக்கு வருகிறவர்களுக்கு

ஆட்டோவில் ஏறி ‘மாதவரம் பார்க்’ என்று மட்டும் சொன்னால் வீணாகச் சுற்ற நேரிடும். சென்னை மாதவரத்தில் ஆந்திரா பஸ்கள் கிளம்பும் பேருந்து நிலையம் ஒரு பக்கம், ரவுண்டானா இன்னொரு பக்கம். ‘பால்பண்ணை’ என்று சொல்லுங்கள். ‘மில்க் காலனி’ என்றாலும் எல்லோருக்கும் தெரியும். தோட்டக்கலைத் துறையின் பூங்கா அந்தப் பக்கம்தான். சென்ட்ரலிலிருந்து வருகிறவர்களுக்கு வியாசர்பாடி, மூலக்கடை வழி. ரயிலில் வந்தால் பெரம்பூரில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். இரண்டாம் கட்ட மெட்ரோ வேலையால் இந்த வழிச் சாலைகள் குறுகிக் கிடக்கின்றன. மேப் காட்டும் நேரத்தோடு அரை மணி கூட்டிக்கொள்ளுங்கள்.

வார விடுமுறை எந்த நாள், கதவு எத்தனை மணிக்குத் திறக்கும் என்று முதல் நாளே விசாரித்துவிட்டு, திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். கனடா, ஐரோப்பாவில் பள்ளி விடுமுறை ஜூலை, ஆகஸ்டில்தான். அப்போது இங்கே பகலெல்லாம் புழுக்கம், சாயங்காலமானால் திடீரென்று இடி மழை. ஆகவே காலைதான் சரி. மார்கழி, தையில் வருகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். கத்திரி வெயிலில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். இரண்டு மணி நேரம் நடந்தால் போதும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பி, பத்து இருபது ரூபாய் நோட்டுகள் கையில் இருக்கட்டும். பெரிய கேமரா கொண்டுபோனால் அதற்குத் தனிச் சீட்டு உண்டா என்று கவுண்டரிலேயே கேட்டுவிடுங்கள்.

சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்தைப் பார்த்த கண்ணோடு வந்தால் ஏமாற்றம்தான். அது 1859இல் தொடங்கியது. இது நேற்றுப் பிறந்த பிள்ளை. பெரிய மரத்து நிழல் எல்லா இடத்திலும் கிடைக்காது. ஊரில் கேட்டு மறந்துபோன பூக்களையும் மரங்களையும் பேர் சொல்லிப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு என்று வந்தால் நேரம் நன்றாகப் போகும்.

அந்தப் பேரில்தான் குழப்பம் வரும். யாழ்ப்பாணத்து வீடுகளில் செவ்வரத்தை என்பதை இங்கே செம்பருத்தி என்பார்கள். பட்டிப்பூ இங்கே நித்தியகல்யாணி, பப்பாசி இங்கே பப்பாளி. பலகையில் தாவரவியல் பெயர் மட்டும் இருந்தால் தயங்காமல் தோட்டவேலை செய்கிறவர்களைக் கேளுங்கள். “அக்கா, இது இன்னா மரம்?” என்றால் போதும், கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டுச் சொல்வார்கள்.

இந்த ஊர்ப் பூங்காக்களில் நாகலிங்க மரம் கண்ணில் பட்டால் விடாதீர்கள். பூ கிளை நுனியில் இருக்காது. அடிமரத்திலிருந்தே தொங்கும் காம்புகளில் பூக்கும். கீழே விழுந்ததில் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள்: தடித்த ஆறு இதழ், நடுவில் சின்ன மேடு, அதன் மேல் படம் எடுத்தாற்போல் வளைந்த குடை. அதுதான் நாகம், அதுதான் லிங்கம். சிவன் கோயில் மரம் என்று நாம் கொண்டாடினாலும் பூர்வீகம் தென்னமெரிக்கா. காய் பீரங்கிக் குண்டு மாதிரி கெட்டியாக, கனமாக இருக்கும். காய்த்த மரத்தின் அடியில் நின்று செல்ஃபி எடுக்க வேண்டாம். உடைந்த காயின் நாற்றத்தைப் பற்றிச் சொல்லாமலிருப்பதே நல்லது.

அரளியை (ஈழத்தவருக்கு அலரி) மட்டும் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். இலை, பூ, விதை எல்லாமே நஞ்சு. மஞ்சள் பூ பூக்கும் பொன்னரளியின் விதை உயிரையே எடுக்கும். வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கொசு சாயங்காலம்தானே வரும் என்று இருந்துவிடாதீர்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில்தான் கடிக்கும், அதுவும் கணுக்காலைத் தேடி. மழைக்குப் பிறகு தொட்டி, தட்டு, பூச்சாடி எல்லாவற்றிலும் தண்ணீர் நிற்கும். முழுக்கால் பேன்ட், சாக்ஸ் போடுங்கள். கொசு விரட்டும் கிரீமை, உள்ளே நுழைவதற்கு முன்பே கணுக்காலிலும் முழங்கைக்குக் கீழும் தடவிக்கொள்ளுங்கள். வியர்த்து வழிந்தால் மறுபடி தடவ வேண்டும்.

போகிற வழியில் நர்சரி கண்ணில் பட்டதும் கை துறுதுறுக்கும். சொந்தக்காரர் வீட்டுக்கு வாங்கிக் கொடுப்பதாக இருந்தால் தாராளமாக வாங்குங்கள். விமானத்தில் கொண்டுபோவது வேறு கதை. கறிவேப்பிலைக் கொத்தை அமெரிக்காவில் பறித்துக்கொள்வார்கள். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கெடுக்கும் நோயைச் சுமக்கும் பூச்சி அதில் தொற்றி வரும். செடிக்கும் விதைக்கும் பல நாடுகள் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் கேட்கும். சென்னையில் அதற்கான மத்திய அரசு அலுவலகம் மீனம்பாக்கத்தில் இருக்கிறது. விமானம் ஏறும் நாளில் போய் நின்றால் நடக்காது. ஒரு வாரம் முன்பே போங்கள். எந்தெந்தச் செடிக்கு அனுமதி என்பதைப் போகிற நாட்டின் பட்டியலிலும் பார்த்துக்கொள்ளுங்கள். நியூசிலாந்தில் பையிலிருப்பதைச் சொல்லாமல் விட்டால் அந்த இடத்திலேயே 400 டாலர் அபராதம்.

பலரும் மறப்பது செருப்பை. ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து எங்கேயும் மண்ணோடு உள்ளே விடமாட்டார்கள். பூங்காவுக்குப் போட்ட ஷூவை நன்றாகக் காயவிட்டு, அடிப் பள்ளங்களில் ஒட்டிய மண்ணைக் குச்சியால் நோண்டி, பழைய பல் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் போட்டுத் தேயுங்கள். ஈரத்தோடே பெட்டியில் வைத்தால் நாறும். அதனால் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே கழுவி, மொட்டைமாடியில் கவிழ்த்து வைத்துவிடுங்கள்.