ஜவ்வு எங்கேயும் விலகுவதில்லை

போன வாரம் செவ்வாய்ப்பேட்டையில் இருந்து ஒரு கொலுசுப் பட்டறைக்காரர் இடுப்பு வலியோடு வந்தார். எங்களிடம் பயிற்சிக்கு வந்திருக்கும் பையன், அவரை உட்காரச் சொல்வதற்கு முன்பே கவரில் இருந்து எம்.ஆர்.ஐ. பிலிமை உருவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான். "அண்ணா, எல்4-எல்5 ஜவ்வு விலகியிருக்குங்க. இனிமே தரையில உட்காரவே கூடாது" என்றான். இடுப்பின் நாலாவது, ஐந்தாவது முள்ளெலும்புகளைத்தான் எல்4, எல்5 என்கிறோம். தரையில் உட்காராமல் அவர் பட்டறையில் என்ன வேலை நடக்கும்? "அப்ப தொழிலை விட்டுடணுங்களா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

பையனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. சேலத்தில் பிசியோதெரபிஸ்டாக உட்கார்ந்த முதல் வருஷத்தில் இதே வாக்கியத்தை இதே தோரணையில் சொன்னவன் நான். ஹாட் பேக் வைத்துத் தோலைச் சுடுவது, வலது இடது மாற்றி எழுதுவது மாதிரியான தவறுகளை எந்த சீனியரும் முதல் நாளே சொல்லிவிடுவார். அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்கள் செய்யும் மற்றத் தவறுகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

"விலகிடுச்சு"

இன்னும் எனக்கு எரிச்சல் தீராத தவறு இதுதான். கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5 என்று 24 முள்ளெலும்புகள் தனித்தனியாக இருக்கின்றன. கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையே மட்டும் டிஸ்க் கிடையாது. அதற்குக் கீழே திரிகம் (இடுப்புக்கு அடியில் இருக்கும் முக்கோண எலும்பு) வரை 23 டிஸ்க்குகள். ஊரில் இதைத்தான் ஜவ்வு என்கிறோம். ஜவ்வு என்றதும் ஏதோ ஜவ்வரிசி மாதிரி வழவழப்பாக, விரலால் தள்ளினால் நகரும் பொருள் என்று நினைப்பு வந்துவிடுகிறது. ஜவ்வரிசிக்குப் பெயர்போன நம் ஊருக்கு அந்த நினைப்பு கொஞ்சம் கூடுதலாகவே வரும்.

உள்ளே கூழ் போன்ற மையம் இருப்பது உண்மை. அதைச் சுற்றி வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காக நார் வளையங்கள். ஒரு அடுக்கின் நார் இந்தப் பக்கம் சாய்ந்தால் அடுத்த அடுக்கின் நார் எதிர்ப்பக்கம் சாயும். லாரி டயருக்குள் நூல் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக இருக்குமே, அந்த மாதிரி. இந்த நார்களின் முனைகள் மேல் எலும்பிலும் கீழ் எலும்பிலும் பதிந்து வேர்விட்டிருக்கும். உடற்கூறியல் வகுப்பில் இரண்டு முள்ளெலும்புகளை ஆளுக்கொரு பக்கம் பிடித்து முறுக்கிப் பார்த்தோம். கத்தி வைக்கும்வரை டிஸ்க் அசையவில்லை.

அப்படியென்றால் நடப்பது என்ன? நார் அடுக்குகளில் விரிசல் விழுகிறது. உள்ளிருக்கும் கூழ் அந்தப் பக்கம் அழுத்த, சுவர் புடைக்கிறது. சில நேரம் சுவரைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே வந்து பக்கத்து நரம்பின் வேரைத் தொடுகிறது, அங்கே அழற்சி உண்டாகிறது. காலில் மின்னல் மாதிரி வலி இறங்குவது இதனால்தான். வெளியே வந்த துண்டை உடம்பே மெல்ல மெல்லக் கரைத்துவிடுவதும் உண்டு. பெரிய துண்டுகள்தான் பெரும்பாலும் நன்றாகச் சுருங்குகின்றன என்பது கேட்பவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும்.

சரி, ஒரு சொல் தவறினால் என்ன குடிமுழுகிவிடும்? எனக்குத் தெரிந்து ஒரு குடும்பத்துக்குக் கிட்டத்தட்ட முழுகியது. லீ பஜாரில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர், நாற்பது வயது இருக்காது. பிலிமைப் பார்த்து, "ஜவ்வு விலகிடுச்சு, குனிஞ்சா இன்னும் வெளிய வந்துடும்" என்று சொல்லி அனுப்பினேன். ஒன்றரை வருஷம் கழித்து அவர் மனைவி கூட்டிக்கொண்டு வந்தார். கால் வலி இரண்டு மாதத்திலேயே போய்விட்டதாம். ஆனாலும் வேலைக்குப் போகவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போது அவர் தோளில் இருந்த துண்டு கீழே விழுந்தது. மனிதர் குனியவில்லை. செருப்பைக் கழற்றி, கால் விரல்களுக்கிடையே துண்டைக் கவ்வி, முழங்காலை மடக்கிக் கைக்குக் கொண்டுவந்தார். அத்தனை லாவகம், அத்தனை பழக்கம். ஏன் இப்படி என்று கேட்டேன். "நீங்கதானுங்க சொன்னீங்க" என்றார்.

அவர் இடுப்பைத் திரும்ப வளைய வைக்க எனக்கு நாலு மாதம் ஆனது. அதில் பாதி நாள் என் வாக்கியத்தை அவர் மனசில் இருந்து எடுப்பதற்கே போனது.

பிலிம் பொய் சொல்வதில்லை, ஆனால் கேட்காததையும் சேர்த்துச் சொல்லும். முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2015-ல் வந்தது. 20 வயதிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம். 40 வயதில் பாதிப் பேருக்கு புடைப்பு. வலி இல்லாமலே இவ்வளவு. ஆகவே முதலில் ஆளைக் கேள், நடக்கச் சொல், படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பார், கால் கட்டைவிரலை மேலே மடக்கச் சொல்லி எதிர்த்து அழுத்திப் பார். பிலிம் கவர் அதுவரை மேசையிலேயே கிடக்கட்டும். பிலிமில் தெரிவதும் கையில் தட்டுப்படுவதும் ஒரே நரம்பைக் காட்டினால்தான் அதற்கு மதிப்பு.

முழங்காலை மடக்கினால் போதுமா

சுவரில் ஒட்டியிருக்கும் படத்தைக் காட்டி "முழங்காலை மடக்கித் தூக்குங்க" என்று எல்லோரும் சொல்கிறோம். ஏற்காட்டில் காபிப் பழம் பறிக்கும் மாதங்களில் மேலே இருந்து சிலர் வருவார்கள், 20 கொண்டை ஊசி வளைவுகளையும் பஸ்ஸில் உட்கார்ந்தே இறங்கிய களைப்போடு. அவர்களில் ஒரு அக்கா இந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்தார். "மூட்டை என் முழங்காலை விட அகலமுங்க. மடக்குனா மூட்டை இன்னும் தள்ளிப் போயிடும்."

அவர் சொன்னதுதான் இயந்திரவியல். இது தராசுக் கணக்கு. முதுகின் பின்பக்கத் தசைகள் டிஸ்க்கின் மையத்தில் இருந்து சுமார் 5 செ.மீ. தூரத்தில் இருந்து இழுக்கின்றன. 20 கிலோவை முன்னால் 40 செ.மீ. தள்ளிப் பிடித்தால், அதை ஈடுகட்ட மட்டும் தசை 160 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். 20 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் 80. உடம்பின் எடை தனி. ஜெர்மனியின் உல்ம் நகரில் ஒரு தன்னார்வலரின் டிஸ்க்குக்குள் உணர்கருவி வைத்து அழுத்தத்தை அளந்து 1999-ல் வெளியிட்டார்கள். நின்றபடி 20 கிலோவை மார்போடு அணைத்தபோது 1.1 மெகாபாஸ்கல், 60 செ.மீ. தள்ளிப் பிடித்தபோது 1.8. ஒரே ஒருவரின் அளவுதான், ஆனாலும் திசை புரிகிறது. முழங்காலைப் பற்றி அப்புறம் பேசலாம், முதலில் சுமையை வயிற்றோடு சேர்க்கச் சொல்லுங்கள்.

எண்ணத் தெரியாமல் எழுதுவது

எல்4-எல்5 டிஸ்க் புடைத்தால் வழக்கமாக மாட்டுவது எல்5 நரம்பு. எல்4 நரம்பு அதற்கு மேலேயே வெளியேறியிருக்கும். கழுத்திலோ எலும்பு 7, நரம்பு 8. அங்கே சி5-சி6 டிஸ்க் சி6 நரம்பைத் தொடும். பயிற்சிக்கு வருபவர்களில் பாதிப் பேர் இங்கே சறுக்குகிறார்கள். இன்னொன்று, எல்4 மட்டத்தில் "தண்டுவடம் நசுங்கியிருக்கு" என்று எழுதாதீர்கள். பெரியவர்களுக்குத் தண்டுவடம் எல்1-எல்2 அருகிலேயே முடிந்துவிடும். அதற்குக் கீழே இருப்பது குதிரை வால் போல் தொங்கும் நரம்புக் கற்றை.

"நிமிர்ந்து உட்காருங்க"

முதுகெலும்பு மூங்கில் கம்பு கிடையாது. கழுத்தும் இடுப்பும் முன்பக்கம் வளைந்திருக்கும், மார்புப் பகுதி பின்பக்கம். உல்ம் அளவுகளில், தளர்ந்து சாய்ந்து உட்கார்ந்தபோது இருந்த அழுத்தம் நின்றபோது இருந்ததைவிடக் குறைவு. அந்தக் கொலுசுக்காரரிடம் தரையிலேயே உட்காரச் சொன்னேன். ஒரு ஜோடி முடிந்ததும் எழுந்து, தெருமுனை வரை நடந்துவிட்டு வர வேண்டும், அவ்வளவுதான்.

பெல்ட்

இடுப்பு பெல்ட்டை நாள் முழுக்கக் கட்டச் சொல்லாதே.

கேட்கக் கூச்சப்படுவது

கால் வலியோடு வருபவர் ஆணோ பெண்ணோ, சிறுநீர் சரியாகப் போகிறதா, மலம் அடங்குகிறதா, சைக்கிள் சீட்டில் படும் இடத்தில் மரத்திருக்கிறதா என்று கேட்டே ஆக வேண்டும். இதில் ஏதாவது ஒரு கேள்விக்கு, புதிதாக ஆரம்பித்த பிரச்சினை என்று பதில் வந்தால் கட்டிலில் ஏற்றாதே, மெஷினைத் தொடாதே. அந்தக் குதிரை வால் நரம்புக் கற்றை நசுங்கியிருக்கலாம். அந்த நேரமே ஆட்டோ பிடித்து, அறுவை மருத்துவர் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. பீஸ் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.