கென்யா பாஸ்போர்ட்டில் ஐரோப்பா சுற்றுலா: ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிப்பது எப்படி?

நைரோபியில் எங்கள் பக்கத்து வீட்டில் இருப்பவர் அரசுப் பள்ளி ஆசிரியை. ஐரோப்பாவை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று வருடக்கணக்காகப் பணம் சேர்த்தவர். முதல் தடவை அவருக்கு விசா மறுத்துவிட்டார்கள். அந்தத் தாளை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். வரிசையாகக் கட்டங்கள் அச்சிட்ட படிவம் அது. 'விசா முடிவதற்குள் திரும்பிப் போவீர்கள் என்பதில் நியாயமான சந்தேகம் இருக்கிறது' என்ற வரிக்கு எதிரே ஒரு டிக். வேறு விளக்கம் இல்லை.

அடுத்த தடவை இரண்டு பேரும் உட்கார்ந்து கோப்பைப் புதிதாகத் தயாரித்தோம். விசா கிடைத்தது. அந்த அனுபவத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஆப்பிரிக்க நாடுகளில் மொரிஷியஸ், செஷல்ஸ் இரண்டுக்கு மட்டும்தான் குறுகிய காலப் பயணத்துக்கு ஷெங்கன் விசா, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்கும் சேர்த்துக் கொடுக்கும் ஒரே விசா, தேவையில்லை. மற்றவர்கள் எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டும். 2024இல் நைஜீரியா, கானா நாடுகளில் கொடுத்த விண்ணப்பங்களில் ஏறக்குறைய 45 சதவீதம் மறுக்கப்பட்டன. உலகச் சராசரி 15 சதவீதத்துக்குப் பக்கத்தில்தான். இது நியாயமில்லை என்றுதான் நானும் நினைக்கிறேன். அதனாலேயே நம் பக்கத்துக் காகிதங்களில் ஓட்டை இருக்கக் கூடாது.

படி 1: எந்த நாட்டிடம் கேட்பது?

ஷெங்கன் பகுதியில் இப்போது 29 நாடுகள். ஒரே விசாவில் எல்லாவற்றுக்கும் போகலாம், ஆனால் விண்ணப்பத்தை ஒரு நாட்டிடம்தான் கொடுக்க வேண்டும். அதிக நாள் எங்கே தங்குகிறீர்களோ அந்த நாடு. நாட்கள் சமமாக வந்தால், முதலில் நுழையும் நாடு. எங்கள் ஆசிரியைக்குப் பாரிஸில் 7 இரவு, ரோமில் 4 இரவு. ஆகவே பிரான்ஸ். 'அந்த நாட்டில் சுலபமாகக் கொடுக்கிறார்களாம்' என்று கேள்விப்பட்டு வேறு நாட்டில் விண்ணப்பித்துவிட்டுப் பயணத் திட்டத்தில் பாரிஸைக் காட்டினால், முதல் பக்கத்திலேயே முரண்பாடு வந்துவிடும். அயர்லாந்தும் பிரிட்டனும் ஷெங்கனில் இல்லை, அவற்றுக்கு விசா தனி.

விண்ணப்பத்தை நீங்கள் சட்டப்படி வசிக்கும் நாட்டில் கொடுக்க வேண்டும். நைரோபியில் வேலை பார்க்கும் இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்காரர்களும் இங்கேயே கொடுக்கலாம். ஆனால் கென்ய வேலை அனுமதி, பயணம் முடிந்து திரும்பிய பிறகும் செல்லுபடியாக வேண்டும்.

படி 2: நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்னாடியாவது கொடுத்திருக்க வேண்டும். முடிவு சொல்ல வழக்கமாக 15 நாள். கூடுதலாக ஆராய வேண்டியிருந்தால் 45 நாள் வரை போகும். எத்தியோப்பியர்களுக்கு 2024 ஏப்ரலில் எடுத்த முடிவின்படி வழக்கமான அவகாசமே 45 நாள் ஆக்கப்பட்டது. நேர்காணல் தேதி கிடைப்பதற்கே சில சமயம் வாரக்கணக்கில் ஆகும், முக்கியமாக ஐரோப்பியக் கோடைக்கு முந்தைய மாதங்களில். மூன்று மாதம் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட்டையும் இப்போதே புரட்டிப் பாருங்கள். கடந்த 10 வருடத்துக்குள் கொடுத்ததாக இருக்க வேண்டும், இரண்டு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும், ஷெங்கனை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகு 3 மாதம் செல்லுபடியாக வேண்டும்.

படி 3: பணத்தைக் காட்டுவது

பெரும்பாலானவர்கள் தடுக்கி விழும் இடம் இது. ஆசிரியையின் முதல் விண்ணப்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மாதக் கடைசியில் சம்பளம் வரும். இரண்டே நாளில் முக்கால்வாசி எம்-பெசா என்ற கைபேசிப் பணக் கணக்குக்குப் போய்விடும், ஏனென்றால் வாடகை, காய்கறி, ஊரில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்புவது எல்லாமே கைபேசி வழியாகத்தான். வங்கிக் கணக்கில் மிச்சம் ஒன்றும் நிற்காது. இதைப் பார்த்துப் பயந்த மாமா, விண்ணப்பிக்கும் முன் 3 லட்சம் ஷில்லிங்கை மொத்தமாகப் போட்டுவிட்டார். நல்ல மனசோடு செய்த உதவிதான். ஆனால் ஸ்டேட்மெண்டைப் பார்க்கும் அதிகாரிக்கு என்ன தெரியும்? ஐந்தரை மாதம் காலியாகக் கிடந்த கணக்கில் திடீரென்று எங்கிருந்தோ வந்த ஒரு பெரிய தொகை. கடன் வாங்கிக் காட்டுகிறார் என்றுதான் தோன்றும்.

இரண்டாவது தடவை மாமாவின் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். நான்கு மாதம் பொறுத்தோம். வங்கி ஸ்டேட்மெண்டோடு ஆறு மாத எம்-பெசா ஸ்டேட்மெண்டையும் சேர்த்து, வங்கியிலிருந்து கிளம்பிய தொகை அதே நாளில் எம்-பெசாவில் வந்து சேர்வதைப் பென்சிலால் கோடிட்டுக் காட்டினோம். அப்புறம் சாக்கோ. கென்யாவில் சாக்கோ என்பது சேமிப்பு, கடன் கூட்டுறவுச் சங்கம். ஆசிரியர்களில் ஏராளமானவர்கள் ஏதாவது ஒன்றில் இருப்பார்கள். மாதாமாதம் சம்பளத்திலேயே பிடித்த தொகை அங்கே வருடக்கணக்காகச் சேர்ந்திருந்தது. முதல் தடவை அந்தக் கணக்கைக் காட்ட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. சம்பளச் சீட்டில் இருக்கும் பிடித்தமும் சாக்கோ ஸ்டேட்மெண்டில் இருக்கும் வரவும் ஷில்லிங் மாறாமல் பொருந்தின. இப்படி இரண்டு காகிதங்கள் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்வதுதான் வேண்டும்.

எவ்வளவு பணம் போதும்? நாட்டுக்கு நாடு மாறும். பிரான்ஸ் கேட்பது, ஓட்டல் பதிவு இருந்தால் நாளுக்கு 65 யூரோ, இல்லாவிட்டால் 120. அங்கே இருக்கும் ஒருவர் முறைப்படி தங்குமிடச் சான்று வாங்கி அனுப்பினால் 32.50. இது குறைந்தபட்சம்தான், இதற்கு மேலே கொஞ்சம் இருக்கட்டும்.

படி 4: திரும்பி வருவேன் என்பதற்கான சான்று

வேலை, குடும்பம், சொத்து, படிப்பு: எது உங்களை ஊரோடு கட்டிப்போட்டிருக்கிறதோ அதைக் காகிதத்தில் காட்டுங்கள். எங்கள் ஆசிரியை மூன்று மாதச் சம்பளச் சீட்டும், தலைமையாசிரியர் கடிதமும் வைத்தார். முதல் கடிதத்தில் 'இவர் எங்கள் பள்ளியில் பணிபுரிகிறார்' என்று ஒரே வரி. புதிய கடிதத்தில் எந்த ஆண்டு சேர்ந்தார், என்ன பாடம், டிசம்பர் விடுமுறையில் எந்தத் தேதிமுதல் எந்தத் தேதிவரை வெளிநாடு போகிறார், ஜனவரியில் பள்ளி திறக்கும்போது எந்த வகுப்புக்குப் பாடம் எடுக்கப்போகிறார் என்பது வரைக்கும் இருந்தது. மகளின் பிறப்புச் சான்றிதழும் வைத்தோம், அந்தப் பிள்ளை பாட்டியோடு ஊரில் இருப்பதால். சொந்தத் தொழில் செய்பவர்கள் பதிவுச் சான்றிதழும் வரி கட்டிய சான்றும் வைக்க வேண்டும்.

இவற்றுக்கு மேலே ஒரு பக்க விளக்கக் கடிதம். ஏன் போகிறீர்கள், யார் செலவு, எப்போது திரும்புகிறீர்கள் என்பதோடு, முன்பு மறுக்கப்பட்டிருந்தால் அதையும் நேராக எழுதுங்கள். விண்ணப்பத் தகவல்கள் விஐஎஸ் என்ற, ஷெங்கன் நாடுகளுக்குப் பொதுவான விசாத் தரவுத்தளத்தில் 5 வருடம் இருக்கும். மறைத்துப் பயனில்லை.

படி 5: டிக்கெட், ஓட்டல், காப்பீடு

விமான டிக்கெட்டுக்கு முன்பதிவு போதும், விசா வரும் முன்னால் பணம் திரும்பாத டிக்கெட்டை வாங்கிவிடாதீர்கள். ஓட்டலுக்கும் ரத்து செய்யக்கூடிய பதிவு போதும். ஆனால் ஏஜென்ட் தயாரித்துக் கொடுக்கும் போலிப் பதிவு வேண்டவே வேண்டாம். ஒரு தொலைபேசி அழைப்பில் பிடிபட்டுவிடும், அந்தக் கறை அடுத்த விண்ணப்பங்களிலும் தொடரும்.

பயண மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். ஷெங்கன் நாடுகள் எல்லாவற்றிலும், தங்கும் நாட்கள் முழுவதும் செல்ல வேண்டும். அவசரச் சிகிச்சையோடு ஊருக்குத் திரும்பக் கொண்டுவரும் செலவும் அதில் அடங்க வேண்டும்.

வழியில் விமானம் மாறுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நைஜீரியா, கானா, எத்தியோப்பியா, எரித்ரியா, சோமாலியா, காங்கோ ஜனநாயகக் குடியரசு பாஸ்போர்ட்காரர்கள், ஷெங்கன் விமான நிலையம் வழியாக வேறு நாட்டுக்குப் போவதென்றாலும் பொதுவாக விமான நிலைய மாறுவிசா (டிரான்சிட் விசா) எடுக்க வேண்டும். இலங்கைப் பாஸ்போர்ட்டும் அதே பட்டியலில் இருக்கிறது.

படி 6: படிவமும் நேர்காணல் நாளும்

படிவத்தில் பெயர், பிறந்த தேதி எல்லாம் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே. பயணத் தேதிகள் படிவத்திலும் டிக்கெட்டிலும் காப்பீட்டிலும் பள்ளிக் கடிதத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். நாங்கள் நான்கையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது காப்பீடு ஒரு நாள் முன்னதாக முடிவதைக் கண்டுபிடித்தோம். இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் இரண்டுமே கணக்கில் வரும் என்பதை மறந்திருந்தோம். 11 இரவு என்றால் 12 நாள்.

காகிதங்களைப் பல நாடுகளுக்காக விஎஃப்எஸ் குளோபல், டிஎல்எஸ் காண்டாக்ட் போன்ற நிறுவனங்கள் வாங்கிக்கொள்ளும். முடிவெடுப்பது தூதரகம் மட்டுமே. அங்கே பத்து விரல் ரேகையும் படமும் எடுப்பார்கள், 12 வயதுக்குக் கீழே ரேகை இல்லை. ஏற்கெனவே கொடுத்திருந்தால் 59 மாதம் வரை அதையே பயன்படுத்தலாம். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45, அதற்குக் கீழே இலவசம். சேவைக் கட்டணம் தனி. மறுத்தால் பணம் திரும்பாது.

படி 7: முடிவு வந்த பிறகு

மறுத்தால் காரணத்தாளும், எங்கே எத்தனை நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்ற விவரமும் தருவார்கள். மறுபடி விண்ணப்பிக்கத் தடை எதுவும் இல்லை. ஆனால் எதையும் மாற்றாமல் அதே கோப்பைக் கொடுப்பது இன்னொரு 90 யூரோவை இழப்பதுதான்.

கிடைத்துவிட்டால் பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசா ஸ்டிக்கரை அங்கேயே நின்று படியுங்கள். இரண்டு தேதிகளுக்கு நடுவில் 27 நாள் இருக்கலாம், ஆனால் தங்கும் நாட்கள் 12 என்று போட்டிருந்தால் 12தான். நுழைவு எண்ணிக்கை 01 என்றால் ஷெங்கனை விட்டு வெளியே போய்த் திரும்ப முடியாது. நடுவில் லண்டன் போகும் எண்ணம் இருந்தால் இதைக் கவனியுங்கள்.

2025 அக்டோபர் 12இல் எல்லையில் புதிய பதிவு முறையைத் தொடங்கினார்கள். முகம் பதிவாகும், விசாவுக்குக் கொடுத்த ரேகையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், நாட்களைக் கணினியே எண்ணும். விசா இருந்தாலும் எல்லை அதிகாரி கேள்வி கேட்கலாம். அதனால் ஓட்டல் பதிவு, திரும்பும் டிக்கெட், காப்பீடு மூன்றின் நகலும் கைப்பையில் இருக்கட்டும். பாரிஸில் எங்கள் ஆசிரியையிடம் எங்கே தங்குகிறீர்கள், எப்போது திரும்புகிறீர்கள் என்று இரண்டே கேள்விதான் கேட்டார்களாம். பையைத் திறந்து இரண்டு தாள்களை நீட்டினார். இரண்டு நிமிடத்தில் வெளியே வந்து, விமான நிலைய வாசலிலிருந்தே என்னைக் கூப்பிட்டுவிட்டார்.