பழைய வீட்டைப் பல குடித்தனமாக்க: அறைக்கு முன் குழாயைப் பாருங்கள்

பழைய வீட்டைப் பிரித்து வாடகைக்கு விட நினைப்பவர்கள் ஒரு வரைபடத்தோடு வருவார்கள். அதில் அறைகள் மட்டும்தான் இருக்கும். கட்டட மேற்பார்வை பார்க்கும் நான் முதலில் கேட்பது, "கழிவுநீர் எந்தப் பக்கம் போகிறது?" எத்தனை போர்ஷன் தேறும் என்பதைத் தீர்மானிப்பது அந்தக் குழாய்தான்.

கழிப்பறைக்கு 4 அங்குலக் குழாய், 40 அடிக்கு 1 அடி வாட்டம் (சரிவு) என்பது என் கணக்கு. குழாய் இறங்கும் இடத்திலிருந்து 20 அடி தள்ளிக் கழிப்பறை வைத்தால் அரை அடி ஆழம் வேண்டும். மாடியில் அதற்கு இடமிருக்காது. தரையை உயர்த்தினால் வாசலில் தடுக்கும், தளத்திலும் பாரம் ஏறும். அதனால் மாடிக் குளியலறையைக் கீழ்க் குளியலறைக்கு நேர் மேலேயே வையுங்கள். சமையலறையும் அதே சுவரை ஒட்டி வரட்டும். நீர்க்காப்புப் பூச்சு காய்ந்தபின், டைல்ஸ் ஒட்டுமுன், வடிகாலை அடைத்து 24 மணி நேரமாவது தண்ணீர் தேக்குங்கள். கீழே கூரையில் ஈரம் தெரிந்தால் டைல்ஸ் வேலையை நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி வால்வு கட்டாயம். ஒரு வீட்டுக் குழாயைப் பழுதுபார்க்க நான்கு வீட்டுத் தண்ணீரை அடைப்பது குடியிருப்பவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

அடுத்தது சுவர். 9 அங்குலச் சுவர் பாரம் தாங்கும், நாலரை அங்குலம் வெறும் தடுப்பு என்று கொத்தனார் சொல்வது பொதுவாகச் சரி. ஆனால் பழைய வீட்டில் மெல்லிய சுவர்மேலும் உத்தரம் உட்கார்ந்திருக்கலாம். கட்டமைப்புப் பொறியாளர் பார்க்காமல் எதையும் இடிக்காதீர்கள். விரிசலின் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதி வையுங்கள். அது உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. பூசி மறைப்பதில் பயனில்லை. சுண்ணாம்புக் காரைச் சுவரைச் சுண்ணாம்பாலேயே பூசுங்கள். சிமென்ட் பூசினால் ஓதம் (சுவரில் ஊறும் ஈரம்) உள்ளேயே தங்கும். குடித்தனங்களைப் பிரிக்கும் சுவர் மேல்தளத்தை முட்டும்வரை எழ வேண்டும். பொய்க்கூரைக்கு மேலே இடைவெளி விட்டால் பக்கத்து வீட்டுப் பேச்சு அப்படியே கேட்கும், தீயும் புகையும் அதே வழியில் பரவும்.

பழைய வயரிங்கை நீட்டிக்காதீர்கள். போர்ஷனுக்கு ஒரு மீட்டர், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி); மோட்டாருக்கும் மாடிப்படி விளக்குக்கும் எல்லோருக்கும் பொதுவான ஒரு தனி மீட்டர். இல்லையென்றால் மாதாமாதம் கரண்ட் பில் தகராறுதான்.

இவ்வளவும் தெரிந்தபின் பணக் கணக்கைப் போடுங்கள். 12 மாத வாடகையை வைத்துக் கணக்கிடாதீர்கள். இடையில் வீடு காலியாகவும் கிடக்கும் என்பதால் நான் 11 மாதமே வைப்பேன். அதிலிருந்து வரி, காப்பீடு, பழுதுச் செலவு கழித்து மிஞ்சுவதை, வீட்டு விலையும் வேலைச் செலவும் சேர்ந்த தொகையோடு ஒப்பிடுங்கள். பழைய வீட்டுக்கு, வேலைச் செலவு மதிப்பீட்டுக்கு மேல் அதில் ஐந்தில் ஒரு பங்கு கையில் இருப்பது நல்லது. பூச்சை உடைத்தால்தான் கரையான் தெரியும். ஒரே வீட்டைப் பல குடித்தனமாக்க அனுமதி உண்டா, தீ விபத்தில் வெளியேறும் வழிக்கு என்ன விதி என்பதை முன்பணம் கொடுக்குமுன் உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்தில் வாங்குங்கள்.

பூச்சு மூடுமுன் ஒவ்வொரு சுவரிலும் அளவுநாடாவைப் பிடித்து, குழாயும் வயரும் தெரியப் படம் எடுங்கள். பின்னால் ஆணி அடிப்பவருக்கும் கசிவு தேடுபவருக்கும் அந்தப் படங்கள் வேண்டியிருக்கும்.